ஸ்கேலுக்கு அடியில்

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தாத்தா எந்தத் தேதியில் இறந்தார்? திதி வேண்டாம். 'தை அமாவாசைக்கு மறுநாள்' வேண்டாம். 'பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம்' என்பதும் வேண்டாம். தேதி, மாதம், வருடம் மூன்றும் வேண்டும்.

தெரியாது, இல்லையா? எனக்கும் தெரியாது. தெரியாமலேயே நாற்பது வருடத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன். தாத்தா பெயரில் ஊரில் அரை ஏக்கர் இருக்கிறது. அப்பா இருந்தவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அப்பாவும் போன பிறகு, பட்டா மாறுதலுக்குப் போய் நின்றபோது கேட்டார்கள்: "உங்க தாத்தாவோட டெத் சர்டிபிகேட் எங்க சார்?"

வீட்டில் பழைய ஆள் என்று மிச்சம் இருப்பது அத்தை மட்டும்தான். அப்பாவின் அக்கா. வயது 82. போனில் கேட்டேன்.

"எனக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருசம்ப்பா. ஐப்பசி. அடமழ."

"எந்த வருஷம் அத்தை?"

"அறுபத்தாறு."

யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னார். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது என்று புலம்புகிறவர் ஒரு வருடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று அலுவலகங்கள். வி.ஏ.ஓ. தாலுகாவைக் கை காட்டினார். தாலுகாவில் பத்திர ஆபீஸைக் கை காட்டினார்கள். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் எங்கே போனாலும் இந்தக் கதை இப்படித்தான் நடக்கும், அலுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பதிவேடு வந்தது. துணி பைண்டிங், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அந்தக் காலத்துக் கிராம முன்சீப் கையெழுத்து, நீலக்கறுப்பு மசியில். 1980-ல் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்துவிட்டு வி.ஏ.ஓ.க்களைக் கொண்டுவந்தார்களே, அதுவரை கிராமத்தில் பிறந்தவன், செத்தவன் கணக்கை எழுதியது இந்த முன்சீப்புகள்தான். ஊரில் எவனைப் பிடிக்கும், எவனைப் பிடிக்காது என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தில் தெரியும் என்று சொல்வார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி சாய்த்து, ஒரே மாதிரி அவசரத்தில் எழுதியிருந்தார்.

பெயர் வரிசைப்படி அட்டவணை எதுவும் கிடையாது. வருடத்தைச் சொன்னால், அந்த வருடத்துக்குத் தேடும் கட்டணம் கட்டினால், வரி வரியாகத் தேடுவார்கள். தேடிக் கொடுத்தவர் ரிட்டயர்மென்ட் வயதை நெருங்கிய எழுத்தர். கையில் ஒரு மர ஸ்கேல். அதை வரிக்கு அடியில் வைத்து வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்கேலைத் திருப்பிச் செங்குத்தாக வைத்தார். பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் முழுவதும் மறைந்துவிட்டது.

"அது என்ன சார்?"

"சாவுக்குக் காரணம். அதைக் காட்டக் கூடாது. மத்ததைப் பாருங்க."

ஐப்பசியைத் தேடிப் போனவர்கள் ஆவணியிலேயே நின்றுவிட்டோம். எங்கள் தெரு. எங்கள் வீட்டுக் கதவு எண். தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் மாமாவின் பெயர், அதாவது அத்தையின் கணவர். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'பெண் சிசு'. வயது, 9 நாள்.

தலைப் பிரசவத்துக்கு அத்தை தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். பெண் பிறந்திருக்கிறது. ஒன்பது நாள் இருந்திருக்கிறது. அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆண், மூத்தவர் 68-ல் பிறந்தார் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. அப்பாவுக்கு அப்போது வயது பதினாறு. தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

எழுத்தரிடம் கேட்டு, பிறப்புப் பதிவேட்டையும் தேடச் சொன்னேன். இன்னொரு கட்டணம். இல்லை. பிறந்ததாகப் பதிவே இல்லை. நான் பி.காம். படித்தவன். வரவு வைக்காத ஒன்றைச் செலவு எழுதினால் எங்கள் வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். இங்கே ஒரு உயிருக்குச் செலவுப் பக்கத்தில் மட்டும் பதிவு இருக்கிறது. அந்தக் குழந்தை செத்ததால்தான் அது பிறந்தது என்றே அரசாங்கத்துக்குத் தெரியும்.

பிறகு ஐப்பசிக்குப் போனோம். தாத்தாவும் கிடைத்தார். எழுத்தர் நகலுக்கு எழுதப் போனவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தக் குழந்தைக்கும் காப்பி வேணுமா சார்?"

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சென்னை மாகாணத்துக்கென்று பிறப்பு, இறப்புப் பதிவுக்கு ஒரு சட்டம் வந்தது 1899-ல். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1969-ல். அதன் 17-வது பிரிவு, பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் பெறவும் யாருக்கு உரிமை என்று சொல்கிறது. மகன், பேரன், வாரிசு என்றெல்லாம் இல்லை. 'எந்த ஒரு நபரும்' என்று இருக்கிறது. நானும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம், என் அத்தையை வாழ்நாளில் பார்த்திராத ஒருவரும் கேட்கலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. இறப்பின் காரணம் நகலில் வரக் கூடாது, யாருக்குக் கொடுத்தாலும் வரக் கூடாது. எழுத்தரின் மர ஸ்கேல் அவராக வைத்ததில்லை. பாராளுமன்றம் வைத்தது.

2023-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே தகவல் தொகுப்பு, மின்னணுச் சான்றிதழ் என்று நிறைய மாற்றங்கள். இனிமேல் ஆஸ்பத்திரியில் இறப்பவர்களின் மரணக் காரணச் சான்று ஒரு பிரதி நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் 1966-ல் தாய்வீட்டுத் தாழ்வாரத்தில் இறந்த குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சான்று?

'எந்த ஒரு நபரும்' என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. இது என்ன நியாயம்? ஊரான் வீட்டுச் சாவில் ஊரானுக்கு என்ன வேலை? சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

நீங்களும் அப்படி நினைத்தால், அயர்லாந்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

அங்கே கால்வே மாவட்டத்தில் டூவம் என்று ஒரு சிறிய ஊர். 1925 முதல் 1961 வரை அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு இல்லம் இருந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெற்றெடுத்துவிட்டுப் பிறகு அம்மா வெளியே போக வேண்டும். குழந்தை உள்ளே இருக்கும். அந்த ஊர்க்காரர் கேத்தரின் கோர்லெஸ். பேராசிரியரோ போலீஸோ பத்திரிகைக்காரரோ கிடையாது, உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள ஒரு குடும்பத் தலைவி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்த இல்லத்துப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் இதழுக்கு அந்த இல்லத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஆரம்பித்தார்.

இல்லத்தில் இறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார். அங்கேயும் நம் சட்டம் மாதிரிதான், இறப்புப் பதிவேடு யாருக்கும் திறந்தது. வந்த எண்ணிக்கை 796. ஒரு நகலுக்கு 4 யூரோ. பெருக்கிப் பார்த்தேன், 3,184 யூரோ. ஒரு கட்டுரைக்கு! ஒவ்வொன்றாக அந்த விவரங்களைச் சேகரித்தார். பெயர், வயது, தேதி, காரணம். தட்டம்மை, காசநோய், நிமோனியா, சத்துக் குறைவு. பிறகு பக்கத்து ஊர் கல்லறைப் பதிவுகளை எடுத்து வைத்து ஒப்பிட்டார். கிட்டத்தட்ட ஒருவரையும் எங்கேயும் அடக்கம் செய்ததாகப் பதிவு இல்லை. செத்த கணக்கு இருக்கிறது, புதைத்த கணக்கு இல்லை.

அந்த இல்லம் இருந்த இடத்தில், பழைய கழிவுநீர்த் தொட்டி ஒன்றின் பக்கமாக அவருடைய விரல் நீண்டது. 2014-ல் இது உலகச் செய்தியானது. நம்பாதவர்கள் நிறையப் பேர். ஊர் பெயரைக் கெடுக்கிறாள் என்று ஏசியவர்களும் இருந்தார்கள். அரசு விசாரணைக் குழு 2017-ல் தோண்டிப் பார்த்துவிட்டு, நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை உறுதி செய்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முழு அகழ்வுப் பணி 2025 ஜூலையில் ஆரம்பமானது.

இப்போது நாம் கேட்ட கேள்விக்கு வாருங்கள். 'சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான்' என்று அங்கே சட்டம் இருந்திருந்தால்? அந்த 796 பேருக்காகக் கவுன்ட்டரில் வந்து நிற்கச் சொந்தக்காரர் யார்? பெற்ற அம்மா வெளியே போய் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டிருப்பார். அப்பா என்று ஒருவர் பதிவேட்டிலேயே இருக்க மாட்டார். தாத்தா, பாட்டிதான் மானம் போகிறது என்று கொண்டுவந்து விட்டவர்கள். சொந்தம் எல்லாம் சேர்ந்து மறைக்க நினைத்த குழந்தைகளைத் தேடி வந்தது ஒரு அந்நியர். 'எந்த ஒரு நபரும்' என்று யார் எழுதினார்களோ, அவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதியது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? கேத்தரின் கையில் கிடைத்த நகலில் காரணமும் இருந்தது. சத்துக் குறைவு என்ற வார்த்தை அவர் கண்ணில் பட்டது. நம் ஊர் மர ஸ்கேல் அங்கே இருந்திருந்தால் 796 பெயர்கள் மட்டும் கிடைத்திருக்கும். 'அந்தக் காலத்துல குழந்தைங்க செத்துக்கிட்டுதான் இருந்துச்சு' என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

நம் ஊரில் அந்த ஸ்கேலுக்கு அடியில் என்ன இருக்கும்? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி என்று 80களிலும் 90களிலும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால், நெல்மணி. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் ஊர் அந்த வட்டாரத்திலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. தாய்வீட்டில் பிறந்து ஒன்பதாவது நாளில் இறந்த தலைச்சன் பெண் குழந்தை, அறுபது வருடம் வாய் திறக்காத ஒரு குடும்பம். அந்த மேஜை முன் நின்றபோது என் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை நகர்த்தச் சொல்லி நூறு ரூபாயை நீட்டலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் வாங்கியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நகர்த்தினாலும் என்ன எழுதியிருக்கும்? 'காய்ச்சல்' என்று இருக்கும். முன்சீப் கையில் எல்லாக் குழந்தையும் காய்ச்சலில்தான் போயின.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் வக்கீல் ஆகிவிடுவேன்.

காரணத்தை மறைக்கும் அந்த நிபந்தனை அர்த்தமில்லாமல் வந்ததல்ல. தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் வீட்டில் பெண்ணெடுக்கத் தயங்குகிற ஊர் இது. காசநோய் என்றால் பாத்திரத்தைத் தனியாக வைத்த ஊர். தொண்ணூறுகளில் எச்.ஐ.வி.யில் இறந்த ஒருவரின் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க மறுத்த ஊர்களைப் பற்றியும் நாம் படித்திருக்கிறோம். செத்தவருக்கு ஒன்றுமில்லை. இருப்பவருக்குத்தான் தண்டனை. அந்தக் கட்டத்தை 'எந்த ஒரு நபருக்கும்' திறந்துவிட்டால் முதலில் வந்து நிற்பது வரலாற்று ஆர்வலரா, கல்யாணத் தரகரா?

சாதியும் இருக்கிறது. நான் பார்த்த பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதன் மேல் ஸ்கேல் எதுவும் விழவில்லை! ஊரை விட்டு, தெருவை விட்டு, பட்டணத்துக்கு வந்து ஒரு பொதுவான பெயரோடு நிம்மதியாக இருக்கிற ஒருவரின் பாட்டன் எந்தத் தெருவில் செத்தான் என்று தேடிப் பார்க்க வேண்டுமானால், அதற்கும் அதே கட்டணம்தான். குடும்ப வரலாறு என்று நாம் அழகாகச் சொல்வது பல பேருக்கு வேறு காரியத்துக்கு உதவும். மகள் யாரைக் காதலிக்கிறாள் என்று துப்பறிந்து வெட்டப் போகிறவனுக்கும் அதே பதிவேடுதான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவன் பதிவேடு பார்த்துவிட்டா வெட்டுகிறான், அவனுக்குத் தெருவும் டீக்கடையும் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். முழுச் சமாதானம் அல்ல அது.

அதே சாதிக் கட்டம் கடல் தாண்டிப் போனவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களே அதிகம். முதல் கப்பல் ட்ரூரோ. கப்பலுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். எண்ணிக்கை தவறக் கூடாதே என்று வெள்ளைக்காரன் எழுதிய சரக்குக் கணக்கு அது. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் ஊர் தேடுகிறார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்கள். யாரோ எழுதிவைத்த ஒரு வரியில்தான் அவர்களுக்கு ஊர் என்ற ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் வந்து சேர்ந்தால் அங்கே இருப்பது நொறுங்கிய அப்பளம், பல இடத்தில் அதுவும் இல்லை. கரையான் தின்ற பதிவேட்டுக்கு எந்தச் சட்டப் பிரிவும் உதவாது.

நம்மில் வசதியானவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஹரித்துவாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரை வந்தவர்களின் வம்சத்தை நீளமான ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றில் நிறைய ஏடுகளை அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த ஒரு வம்சாவளிச் சங்கம் மைக்ரோபிலிம் எடுத்துவைத்திருக்கிறது. ஆனால் காசிக்கும் ஹரித்துவாருக்கும் போக முடிந்தவன் பெயர்தான் அந்த ஏட்டில் இருக்கும். அரை ஏக்கர்க்காரனான என் தாத்தா மதுரையையே இரண்டு தடவைதான் பார்த்திருப்பார். அவருக்கும், ஒன்பது நாள் பேத்திக்கும் முன்சீப் ரிஜிஸ்தரை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

ஆகவே என் கட்சி இதுதான். பதிவேடு எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும். ஸ்கேலும் இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்தக் கணக்கை நேராகப் போட்டிருக்கிறார்கள். பிறப்புப் பதிவு 100 வருடம், கல்யாணம் 75 வருடம், இறப்பு 50 வருடம் தாண்டினால் பதிவேட்டின் பக்கத்தையே இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டிலும் எழுதிய தாளை 72 வருடம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு திறக்கிறார்கள். 1950-ல் எடுத்ததை 2022 ஏப்ரலில் திறந்தார்கள். அவ்வளவு ஏன், நம்முடைய தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே கடிகாரம் இருக்கிறது. 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சி என்றால், தனிப்பட்ட விவரம் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. 1969-ன் ஸ்கேலுக்கு மட்டும் கடிகாரமே கிடையாது. நேற்று இறந்தவருக்கும் நூறு வருடத்துக்கு முன் இறந்தவருக்கும் ஒரே ஸ்கேல். ஐம்பது வருடம் ஆனால் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் அத்தை விஷயத்தில்தான் இடிக்கிறது. ஐம்பது வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் பெற்றவர் உயிரோடு இருக்கிறார், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

இந்த இடிப்பை அயர்லாந்துக்காரர்களும் பார்த்தார்கள். 2022-ல் அவர்கள் கொண்டுவந்த சட்டப்படி, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்த பிறகு தங்கள் பிறப்புச் சான்றைக் கேட்டு வாங்கலாம். ரகசியம் காப்போம் என்று அந்தத் தாய்மார்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோமே என்று நீண்ட காலம் தடை போட்டு வைத்திருந்த விஷயம் அது. கடைசியில் பிள்ளையின் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால், என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று பெற்றவர் எழுதிக் கொடுத்திருந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதைச் சொல்லிவிட்டுத்தான் சான்றைக் கொடுக்க வேண்டும். உன் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு உண்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. இதைவிடப் பக்குவமாக ஒரு சட்டம் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். மின்விசிறிக்குப் பதிவேட்டின் பக்கம் படபடத்தது, ஸ்கேலை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

கேட்க எனக்கு உரிமை உண்டு, சட்டம் கொடுத்தது. கேட்கலாமா என்பதைச் சட்டத்திடம் கேட்க முடியாது. தாத்தாவுக்காக வந்த இடத்தில், அத்தை மூடிவைத்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் காசு கொடுத்து வாங்குகிறேன். பேச்சை மாற்றிப் பேசாமல் சொன்னால், அது வேவு பார்ப்பதுதான். வாங்காமல் விட்டால்? அந்த வரியை 1966-க்குப் பிறகு ஒருவராவது படித்திருப்பார்களா? இன்னொரு முறை யாராவது இந்தப் பக்கத்தைத் திறப்பார்களா, அதுவரை இந்தப் பக்கம் இருக்குமா?

"போடுங்க சார். ரெண்டும் வேணும்."

இரண்டு தாள். ஒன்றில் தாத்தா. இன்னொன்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. காரணமும் இல்லை. இரண்டாவதை மடித்துப் பையின் உள் ஜிப்பில் வைத்தேன். அத்தைக்குக் காட்டுவதில்லை, கேட்பதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அத்தை காபி போட்டுக் கொடுத்தார். தாத்தாவின் சான்றிதழைக் காட்டினேன். தடவிப் பார்த்தார். அப்பா பேரைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று கேட்டார், போட்டிருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், அங்கிருந்தே கேட்டார்:

"அந்த வருசத்துப் பொஸ்தகத்துல வேற எதும் எழுதியிருந்துச்சாப்பா?"

பொய் சொல்ல எனக்கு இரண்டு வினாடி இருந்தது.

"இருந்துச்சு அத்தை."

வெளியே வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கையை நீட்டினார். ஜிப்பைத் திறந்து கொடுத்தேன். மாடத்திலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எழுதியிருக்கான்" என்றார்.

"என்ன அத்தை?"

"ஒம்பது நாள் இல்லப்பா. பதினோரு நாள் இருந்தா."